வெற்றுக் கட்டம்

தொழிலைப் பற்றி எழுதத் தொடங்கு என்று எனக்குச் சொன்னவர் என் பழைய மேலாளர். எங்கள் துறையில் இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதுகிறவரைத்தான் ஆட்களுக்குத் தெரிகிறது. அடுத்த வேலையும் அவருக்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. தரவுப் பகுப்பாய்வில் பதினெட்டு வருடம் போய்விட்டது. நான் ஒரு முழுநாள் மண்டையை உடைத்து எழுதும் நிரலை என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பது அனுபவம், அதையாவது எழுதிவைப்போம் என்று போன டிசம்பரில் ஒரு கொப்பியை எடுத்தேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கென்று பத்துத் தலைப்புகளை வரிசையாக எழுதினேன்.

எந்தக் கேள்விக்கு எந்த வரைபடம். சராசரி எப்போது ஏமாற்றும். மேலாளர் ஓர் எண்ணைக் கேட்டால் அவரிடம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகள். இப்படிப் போனது பட்டியல். அதில் ஆகச் சுலபமானது என்று நினைத்து முதலில் எடுத்தது, 'அட்டவணையில் வெறுமையாக இருக்கும் கட்டங்களை என்ன செய்வது?' என்ற தலைப்பு. ஆங்கிலத்தில் இரண்டு பந்தி ஓடியது. மூன்றாவதில் நின்றுவிட்டேன். அந்த விஷயத்தை உண்மையாக எழுதுவதென்றால் ஓர் அக்காவைப் பற்றி எழுதவேண்டும். 2017இல் நடந்தது, வெளியில் ஒருவருக்கும் நான் சொல்லாதது. ஆங்கிலத்தில் நின்றுபோனதைத் தமிழில் எழுதிப்பார்க்கிறேன்.

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் சரியான பதில் இருப்பதில்லை. அம்மா கோயிலில் ஆட்களுக்குச் சொல்வது, "கொம்பியூட்டரிலை கணக்குப் பாக்கிறான்." அது பிழையில்லை. அப்போது நான் ஒரு பலசரக்குக் கடைத்தொடரின் தலைமை அலுவலகத்தில் இருந்தேன். ஸ்காபரோவில் ஒருவர் ஒரு பை பாஸ்மதி அரிசியைக் கவுண்டரில் வைக்கிறார், இயந்திரம் 'பீப்' என்கிறது. அந்தக் கணத்தில் எங்கோ ஓர் அட்டவணையில் ஒரு வரி சேர்கிறது: எந்தக் கடை, எந்தக் கவுண்டர், எத்தனை மணி, என்ன பொருள், என்ன விலை. நாள் முடிய எல்லாக் கடைகளின் வரிகளும் நடு இரவில் ஒரு பெரிய தரவுத்தளத்துக்கு வந்து சேரும். அவற்றைக் கூட்டி, பிரித்து, ஒழுங்குபடுத்தி, காலை ஏழு மணிக்கு மேலாளர்கள் திரையைத் திறக்கும்போது பத்துப் பன்னிரண்டு எண்களாகவும் நாலைந்து வரைபடங்களாகவும் காட்டவேண்டும். அதுதான் என் வேலை.

இதற்கு 'பிஸினஸ் இன்ரெலிஜென்ஸ்' என்று பெயர். தமிழில் வணிக நுண்ணறிவு என்கிறார்கள். எனக்கு அந்த மொழிபெயர்ப்பில் திருப்தியில்லை. அந்தச் சொற்றொடர் 1865இல் ரிச்சர்ட் மில்லர் டெவன்ஸ் என்பவர் தொகுத்த வணிகக் கதைகளின் புத்தகம் ஒன்றில் வருகிறது. ஹென்றி ஃபர்னீஸ் என்ற வங்கியாளர் போர்ச் செய்திகளை மற்றவர்களுக்கு முன்பே வரவழைத்து லாபம் பார்த்ததை அவர் அப்படிச் சொல்கிறார். 1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் அதே சொல்லைத் தன் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். இன்றைய அர்த்தத்தில் அதைப் பரவலாக்கியவர் 1989இல் ஹவார்ட் டிரெஸ்னர். ஆக, தொடக்கத்தில் அந்தச் சொல் குறித்தது மூளையை இல்லை. வந்து சேரும் சேதியை. நம்மிடம் அதற்கு 'ஒற்று' என்ற பழைய சொல் இருக்கிறது. வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் விதிகளில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி மறந்துபோன விதி. வேலையிலும் மறந்தே இருந்தேன்.

இனி வெற்றுக் கட்டத்துக்கு வருகிறேன்.

தரவுத்தளத்தில் பூச்சியமும் வெறுமையும் வேறு வேறு. ஒரு கட்டத்தில் பூச்சியம் இருந்தால், பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வெறுமையாக இருந்தால், எங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அட்டவணைத் தரவுத்தளங்களின் அடிப்படையை 1970இல் வகுத்த எட்கர் கோட், 1979இல் எழுதிய கட்டுரையில் இந்தத் 'தெரியாது' என்பதற்கும் தர்க்கத்தில் ஓர் இடம் கொடுத்தார். சரி, பிழை என்ற இரண்டோடு தெரியாது என்ற மூன்றாவது. எஸ்கியூஎல் மொழியில் ஒரு வெறுமையும் இன்னொரு வெறுமையும் சமமா என்று கேட்டால் ஆம் என்ற பதில் வராது. தெரியாத இரண்டு விஷயங்கள் ஒன்றா என்பதும் தெரியாதுதானே.

பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்கு இது புதிதாக இருக்கவில்லை. அப்பா ஏற்கனவே காட்டியிருந்தார்.

அப்பா சுன்னாகத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதியவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அவர் உடுப்புப் பையோடு கடையின் கடன் கொப்பியையும் கொண்டுவந்தார். அடுத்த வருடம் சனம் திரும்பிவரத் தொடங்கியதும் கடை திறந்தது. அப்பா புதுக் கொப்பியில் கோடு கீறினார். பெயர், பழைய பாக்கி, வரவு. எனக்கு அப்போது பதினைந்து வயது. பின்னேரங்களில் அவருக்குப் பக்கத்தில் இருந்து பெயர்களை வாசிப்பது என் வேலை. வந்து, இப்போது கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப்போனவர்களுக்கு நேரே பூச்சியம் போட்டார். வராதவர்களின் கட்டங்களை அப்படியே விட்டார். பக்கம் பார்க்க வடிவாக இருக்கவில்லை. முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உந்த வெறும் கட்டங்களுக்கும் பூச்சியத்தைப் போட்டுக் கூட்டி முடியுமன்" என்றார்.

"வந்து இல்லையெண்டு சொன்னவைக்குத்தான் பூச்சியம், முதலாளி," என்றார் அப்பா. "வராதவைக்கு நாங்கள் ஒண்டும் போடேலாது."

அந்தக் கட்டங்களில் சில இரண்டு வருடம் கழித்து வன்னியிலிருந்து ஆட்கள் வந்தபோது நிரம்பின. ஒன்றுக்குப் பிரான்சிலிருந்து காசு வந்தது. சில அவர் கடையை விட்டு விலகும்வரை வெறுமையாகவே இருந்தன. அப்பா 2004இல் எங்களிடம் கனடா வந்தார். 2013இல் காலமானார். நான் செய்ததை அவர் பார்க்கவில்லை.

நான் செய்தது இதுதான். கடைகளில் எந்த நேரத்துக்கு எத்தனை பேரைக் கவுண்டரில் நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க, மணித்தியால வாரியான விற்பனையைக் காட்டும் ஒரு திரையைத் தயாரித்தேன். 2016 கடைசியில் கடைகளின் மென்பொருளை மாற்றினார்கள். அதன்பிறகு மூன்று கடைகளிலிருந்து இரவு எட்டு மணிக்குப் பிந்திய விற்பனைக் கோப்பு சில நாட்களில் நேரத்துக்கு வந்துசேரவில்லை. எங்கள் நிரல் நடு இரவில் ஓடும். கோப்பு இரண்டு மணிக்கு வரும். அதைத் திரும்ப எடுத்து ஏற்ற ஒருவரும் இல்லை. அந்த நாட்களுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. வெறுமை இருந்தால் வரைபடத்தின் கோடு அறுந்து அறுந்து தெரியும். மேலாளர் ஒருவர், ஏன் இது உடைந்திருக்கிறது என்று கேட்டார். நான் ஒரு வரி சேர்த்தேன்: வெறுமை வந்தால் பூச்சியம் என்று எடு. கோடு அறுபடாமல் ஓடியது. வடிவாக இருந்தது.

இலகுவான எண்களில் சொல்கிறேன். ஒரு கிழமையில் ஐந்து இரவுகளுக்குத் தலா 4,200 டொலர் விற்பனை, இரண்டு இரவுகள் வெறுமை. மொத்தம் 21,000. வெறுமையை வெறுமையாக விட்டால் எஸ்கியூஎல் தெரிந்த ஐந்து நாட்களால் மட்டும் வகுக்கும்; சராசரி 4,200. பூச்சியம் போட்டால் ஏழால் வகுக்கும், சராசரி 3,000. கடையில் ஒரு மனிதர்கூடக் குறையவில்லை. ஆனால் திரையில் இரவு வியாபாரம் கால்வாசிக்கு மேல் விழுந்துவிட்டது. மூன்று பேர் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர் போதும் என்று அட்டவணை சொன்னது. 2017 ஜனவரியிலிருந்து அந்த மூன்று கடைகளிலும் இரவு வேலை நேரத்தைக் குறைத்தார்கள்.

மார்ச்சில் ஒரு பிறந்தநாள் விழா. ஸ்காபரோவில் ஒரு மண்டபம். அம்மாவுக்குக் கோயிலால் பழக்கமான ஓர் அக்கா எங்கள் மேசையில் இருந்தார். அவர் எங்கள் கடைகளில் ஒன்றில் காசாளர் என்பது எனக்குத் தெரியும். எப்படி அக்கா வேலை என்று உபசாரத்துக்குக் கேட்டேன்.

"எங்கை தம்பி வேலை? இருபத்தெட்டு மணித்தியாலம் தந்தவங்கள், இப்ப பதினெட்டாக்கிப் போட்டாங்கள். இரவிலை சனம் குறைஞ்சிட்டுதாம். கொம்பியூட்டர் சொல்லுதாம். நான் நிக்கேக்கை லைன் கதவுமட்டும் நிக்குது. அந்தக் கொம்பியூட்டரை ஒருக்கா வந்து லைனிலை நிண்டு பாக்கச் சொல்லும்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விடியக்காலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலையையும் எடுத்திருக்கிறார் என்று அம்மா காரில் வரும்போது சொன்னார்.

திங்கட்கிழமை நிதிப்பிரிவில் இருந்த ஒருவரிடம் அந்தக் கடையின் நாளாந்த வருமானத்தைக் கேட்டு வாங்கினேன். அவர்களுடைய எண்கள் வங்கிக் கணக்கிலிருந்து வருபவை, என்னுடையவை கவுண்டரிலிருந்து. இரண்டும் ஒரே கடையைப் பற்றிய இரண்டு ஒற்றர்களின் சேதிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. அரை மணித்தியாலத்தில் விஷயம் வெளித்துவிட்டது. பதினொரு கிழமைகள். மூன்று கடைகள். என்னுடைய ஒரு வரி.

மேலாளரிடம் சொன்னேன். கோப்புத் தாமதமும் என் வரியும் இரண்டும் அறிக்கையில் எழுதப்பட்டன. 'தரவுத் தரப் பிரச்சினை' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த அட்டவணையிலிருந்து வேலை நேரங்கள் பழையபடி வந்தன. பதினொரு கிழமைக்குள் போன நேரத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் நானும் ஒருவன். கூட்டம் முடியும்போது, பிழையைத் தேடிக் கண்டுபிடித்ததற்காக என்னைப் பாராட்டினார்கள். 'நன்றி' என்றேன்.

பத்துக் கிழமையும் மூன்று நாளும் நான் அந்தத் திரையை ஒவ்வொரு காலையும் பார்த்திருக்கிறேன் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எண்கள் பொய் சொல்லவில்லை. தெரியாது என்று சொன்ன கட்டத்தை இல்லை என்று சொல்லவைத்தவன் நான்.

இதன் மறுபக்கமும் உண்டு என்பதைப் பிறகு படித்தேன். 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் ஏழு பேரோடு வெடித்தது. முதல்நாள் இரவு, குளிருக்கும் ரொக்கெற்றின் ரப்பர் வளையச் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்று விவாதித்தவர்களின் முன்னால், சேதம் ஏற்பட்ட பறப்புகளின் விவரம் மட்டுமே இருந்தது. சேதமே இல்லாத பறப்புகள் கணக்கில் வரவில்லை. அவற்றையும் சேர்த்தபோது விசாரணை ஆணைக்குழுவுக்குத் தெரிந்தது இது: 66 பாகை பரனைற்றும் அதற்கு மேலும் நடந்த 20 பறப்புகளில் மூன்றில்தான் சேதம், 63 பாகையும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் சேதம். அங்கே பூச்சியங்களை வெறுமையாக விட்டார்கள். நான் வெறுமையைப் பூச்சியமாக்கினேன். இரண்டும் ஒரே அலட்சியத்தின் இரண்டு பக்கம்.

நேர்மையாக நடந்துகொண்ட ஓர் உதாரணமும் நம் கனடாவிலேயே இருக்கிறது. 2010இல் அரசு, குடிசனக் கணக்கெடுப்பின் கட்டாய நீண்ட படிவத்தை நிறுத்தியது. கனடியப் புள்ளிவிவர நிறுவனத்தின் தலைவர் முனீர் ஷேக் பதவி விலகினார். 2011இல், விரும்பியவர்கள் நிரப்பலாம் என்று ஒரு படிவம் போனது. பலர் நிரப்பவில்லை. பதில் மிகக் குறைவாக வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஊர்களுக்கு நிறுவனம் எண்களை வெளியிடவேயில்லை. எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாம். கட்டங்களை வெறுமையாக விட்டார்கள். 2016இல் கட்டாயப் படிவம் திரும்பி வந்தது. அறுந்த கோட்டைப் பார்த்ததால்தான் ஆட்களுக்கு ஏதோ பிழை என்று விளங்கியது என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அக்காவிடம் கேட்காமல் இதை அனுப்பக்கூடாது என்று தோன்றியது. அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகளோடு மார்க்கம் பக்கம் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை போனேன். தேத்தண்ணி வந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெறுமை, பூச்சியம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இடைமறித்தார்.

"அப்ப அந்தக் கொம்பியூட்டர் நீர்தானோ?"

"ஓம் அக்கா."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மகளின் கணவர் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை கிழமை எண்டு சொன்னனீர்?"

"பதினொண்டு."

"கிழமைக்குப் பத்து மணித்தியாலம். நூற்றிப்பத்து."

அந்தக் கணக்கை நான் ஏற்கனவே செய்திருந்தேன். அந்த நேரம் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 11 டொலர் 40 சதம். அதன்படி பார்த்தாலே 1,254 டொலர். மேசொக்கெற்றுக்குள் ஒரு காசோலையும் எழுதிவைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் எண்ணைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இது உம்மடை காசு. நான் உமக்கு வேலை செய்யேல்லை. வேலை செய்த இடம் தரவேண்டிய காசு இது. அந்தக் கடையிலை என்னோடை இன்னும் அஞ்சாறு பேர் நிண்டவை. ஒரு பிலிப்பீன் பிள்ளை வாடகை குடுக்கேலாமல் அறை மாறிப் போனது. அவைக்கெல்லாம் ஆர் குடுக்கிறது? அவையின்ரை பேர் உம்மட்டை இருக்கோ?"

இருக்கவில்லை. என் அட்டவணையில் கடை இருந்தது, நேரம் இருந்தது, டொலர் இருந்தது. ஆட்களின் பெயருக்கு அதில் ஒரு கட்டம்கூட நான் வைத்திருக்கவில்லை. அப்பாவின் கொப்பியில் முதலில் கீறியதே பெயருக்கான கட்டம்தான்.

இந்தக் கதையை எழுதப்போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். என் பெயரைப் போடாதையும் என்றார். பிறகு, நான் சப்பாத்துப் போடும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அந்த நூற்றிப்பத்து மணித்தியாலத்துக்கும் இன்னும் ஒருத்தரும் காசு தரேல்லை எண்டும் எழுதும்."

எழுதியிருக்கிறேன்.